எண்ணுக்கு இரண்டு பைட் போதுமா? வெக்டர்களைப் பாதி அளவில் சேமிப்பது பற்றி

கீழக்கரைக்கும் பாம்பனுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில், கரையில் காயப்போட்டிருக்கும் கடல்பாசியை ஒருவர் போனில் படம் எடுக்கிறார். "இதே மாதிரிப் பாசி இதற்கு முன்னால் எங்கெல்லாம் கிடைத்தது?" என்று ஓர் ஆப்பில் கேட்கிறார். மரிக்கொழுந்துப் பாசியா, கஞ்சிப்பாசியா, கட்டக்கோரையா என்பதைக் கடலில் இறங்கி எடுக்கிற பெண்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஆப்புக்கு அந்தக் கண் கிடையாது. அது படத்தை எண்களாக மாற்றி, எண்களை எண்களோடு ஒப்பிட்டுத்தான் பதில் சொல்லும். அந்த எண்கள் ஒவ்வொன்றையும் எத்தனை பைட்டில் வைப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இப்படி ஓர் ஆப் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம். கணக்குப் போட வசதியாக நானே கற்பனை செய்துகொண்டது.

படத்தை எண்களாக மாற்றுவது ஒரு ஏ.ஐ. மாடலின் வேலை. படத்தைக் கொடுத்தால் அது 768 எண்களைத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாடலுக்கு மாடல் இது 384, 1024, 1536 என்று மாறும். இந்த எண் வரிசைதான் வெக்டர். படத்தின் சாயலைச் சுமந்துகொண்டு வருவதால் இதை எம்பெடிங் என்றும் சொல்வார்கள். 41ஆவது எண் நிறத்தைச் சொல்கிறது, 42ஆவது எண் கிளையின் வடிவத்தைச் சொல்கிறது என்றெல்லாம் கிடையாது. தனியாக எடுத்தால் ஓர் எண்ணுக்கும் அர்த்தம் இல்லை. ஆனால் ஒரே மாதிரியான இரண்டு படங்களின் 768 எண்களும் மொத்தத்தில் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளந்து, அதிகம் ஒத்துப்போகிற பத்துப் படங்களை வரிசைப்படுத்திக் கொடுப்பதுதான் தேடல். வரிசைப்படுத்துவது என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வழக்கமாக இந்த எண்கள் ஒவ்வொன்றும் 4 பைட், அதாவது 32 பிட். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பிஜிவெக்டர் என்ற இலவச நீட்சியைச் சேர்த்தால், வெக்டர்களை நேரடியாக டேபிளில் வைக்கலாம். அதன் கணக்கு எளிது: எண்ணுக்கு 4 பைட், அதற்கு மேல் வெக்டருக்கு 8 பைட். 768 எண்களுக்கு 3080 பைட். 10 லட்சம் படங்கள் சேர்ந்தால் 3 ஜிபிக்குச் சற்று மேல். இது டேபிளுக்கு மட்டும். வேகமாகத் தேட இண்டெக்ஸ் போட்டால் அதற்குள் வெக்டரின் இன்னொரு பிரதி உட்காரும். அது டேபிளைவிடவும் பெரிதாகவே வரும்.

2024 ஏப்ரலில் வெளிவந்த பிஜிவெக்டர் 0.7.0 பதிப்பில் ஹாஃப்வெக் என்ற புதிய வகை சேர்ந்தது. அதில் எண்ணுக்கு 2 பைட்தான். அதே 768 எண்கள் 1544 பைட்டில் அடங்கிவிடும். மில்வஸ், குவாட்ரன்ட் போன்ற, வெக்டருக்கென்றே உள்ள டேட்டாபேஸ்களிலும் இதே 16 பிட் வகை உண்டு.

சரி, பாதி பிட்களை வெட்டிவிட்டால் தேடலின் தரமும் பாதியாகிவிடாதா? பொதுவாக ஆகாது. ஏன் ஆகாது என்பதைப் புரிந்துகொண்டால், எந்த இடத்தில் ஆகும் என்பதும் புரிந்துவிடும்.

எப்போதும் 1024 படிகள்

32 பிட் எண்ணில் 1 பிட் நேர்மமா எதிர்மமா என்ற குறிக்கு, 8 பிட் அடுக்குக்கு (எண் எவ்வளவு பெரிது என்பதற்கு), 23 பிட் பின்னத்துக்கு (அதன் நுணுக்கத்துக்கு). 16 பிட் எண்ணில் இதே பங்கீடு 1, 5, 10. இந்த 16 பிட் அமைப்பு, கணினியில் தசம எண்களை எழுதுவதற்கான ஐஇஇஇ 754 தரநிலையில் 2008இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே கிராஃபிக்ஸ்காரர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

பிட் கணக்கைவிட அது எண்கோட்டில் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் சுலபம். 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ள எந்த இரண்டு எண்களுக்கு நடுவிலும் 16 பிட் அமைப்பில் 1024 படிகள்தான். 10 பிட் பின்னத்தால் அத்தனையைத்தான் சொல்ல முடியும். 1க்கும் 2க்கும் நடுவில் 1024 படிகள் என்றால் ஒரு படி 0.00098. 64க்கும் 128க்கும் நடுவிலும் அதே 1024தான். அங்கே ஒரு படி 0.0625 ஆகிவிடுகிறது. 1024க்கும் 2048க்கும் நடுவில் ஒரு படி என்பது முழுசாக 1. அதைத் தாண்டினால் படி 2 ஆகிவிடும். 2049 என்ற எண்ணே அங்கே கிடையாது, கொடுத்தால் 2048 என்று பதியும். இப்படியே மேலே போய் 65,504இல் ஏணி முடிந்துவிடுகிறது.

கீழ்ப்பக்கம் வந்தால் கதை வேறு. பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கப் படிகளும் நெருங்கிக்கொண்டே வரும். 0.03125க்கும் 0.0625க்கும் நடுவிலும் 1024 படிகள் இருப்பதால் அங்கே ஒரு படி வெறும் 0.00003. ஆக இந்த அமைப்பில் துல்லியம் என்பது எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. சின்ன எண்ணென்றால் நுணுக்கமாகப் பிடிக்கும், பெரிய எண்ணென்றால் கோட்டைவிடும். ஏறக்குறைய மூன்று இலக்கம் வரை நம்பலாம் என்று வைத்துக்கொள்ளலாம். 32 பிட்டில் அது ஏழு இலக்கம்.

இப்போது நம் பாசிப் படத்துக்கு வருவோம். தேடலுக்கான எம்பெடிங்குகளைப் பெரும்பாலும் நீளம் 1 வருமாறு சீராக்கித்தான் வைப்பார்கள். அதாவது 768 எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வரும். அந்த 1ஐ 768 பேர் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சொற்பம். ஓர் எண்ணின் அளவு சராசரியாக 0.036ஐச் சுற்றி இருக்கும். படிகள் நெருக்கமாக இருக்கும் இடமும் அதுதான்! 0.0361842 என்ற எண்ணை 16 பிட்டில் வைத்தால் 0.0361938 என்று பதியும். வித்தியாசம் ஒன்றில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதிலும் இன்னொரு சாதகம் இருக்கிறது. 768 எண்களில் சில மேல் படிக்கு நகரும், சில கீழ்ப் படிக்கு இறங்கும். எல்லாப் பிழைகளும் ஒரே பக்கம் சேர்வதில்லை. ஒப்புமையை அளக்க இரண்டு படங்களின் எண்களைப் பெருக்கிக் கூட்டும்போது பெரும்பாலானவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கூட்டலையும் பிஜிவெக்டர் 16 பிட்டில் செய்வதில்லை. எண்களை 32 பிட்டாக விரித்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது; அதற்கான கட்டளை கடந்த பல வருடங்களாக வரும் இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களிலேயே இருக்கிறது. ஆகவே கடைசியில் வரும் ஒப்புமை மதிப்பில் முதல் மூன்று நான்கு தசம இடங்கள் பொதுவாக அசையாது.

நாம் கேட்டதும் அந்த மதிப்பை இல்லையே. எந்தப் படம் முதலில், எந்தப் படம் அடுத்து என்று வரிசையைத்தானே கேட்டோம்? ஒரு படம் 0.91, அடுத்தது 0.87 என்றால் ஐந்தாம் தசம இடத்தில் நடக்கும் ஆட்டம் அந்த வரிசையைத் தொடாது. 0.87123க்கும் 0.87124க்கும் இடையில் வேண்டுமானால் இடம் மாறலாம். அவை இரண்டும் ஒரே பாசிக் குவியலைப் பக்கவாட்டில் நகர்ந்து நின்று எடுத்த இரண்டு படங்களாகத்தான் இருக்கும். எது முன்னால் வந்தால் என்ன?

அதே டேபிளில் இருக்கும் மற்ற எண்கள்

பாதியாக்குவதில் ருசி கண்டவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, மற்ற எண்களையும் இதே மாதிரி சுருக்கினால் என்ன என்பது. நம் டேபிளில் படத்தோடு எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, எடை, விற்ற தொகை எல்லாம் இருக்கும். பைத்தானில் நம்பை (NumPy) என்ற லைப்ரரியை வைத்துத் தரவைத் தயார் செய்கிறவர்கள் ஒரே வரியில் எல்லாவற்றையும் 16 பிட்டாக மாற்றிவிட முடியும். எந்த எச்சரிக்கையும் வராமல் பல எண்கள் கெட்டுப்போகும் இடம் இதுதான்.

ராமநாதபுரம் கடற்கரை 78க்கும் 80க்கும் இடைப்பட்ட கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. 64க்கும் 128க்கும் நடுவில் ஒரு படி 0.0625 என்று பார்த்தோம். நம் அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 110 கிலோமீட்டர். ஆக ஒரு படி என்பது கிட்டத்தட்ட 6.9 கிலோமீட்டர்! பாம்பன் பக்கம் 79.22 என்று குறித்த இடம் 79.25 என்று பதிந்து, 3 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்துவிடும். குருசடைத் தீவுக்கும் மண்டபத்துக்கும் இடையில் எடுத்த படங்கள் பலவும் ஒரே தீர்க்கரேகையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அட்சரேகைக்கு இந்த அளவு மோசமில்லை. 9 டிகிரி என்பது 8க்கும் 16க்கும் நடுவில் இருப்பதால் ஒரு படி 0.0078 டிகிரி, சுமார் 860 மீட்டர். 32 பிட்டில் வைத்திருந்தால் தீர்க்கரேகையில்கூட ஒரு படி ஒரு மீட்டருக்குள் அடங்கியிருக்கும்.

பாக் நீரிணையில் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வரைந்த கடல் எல்லையைப் பார்த்துப் பார்த்து விசைப்படகு ஓட்டுகிறவர்களிடம் போய், உங்கள் ஜிபிஎஸ் 3 கிலோமீட்டர் முன்னே பின்னே காட்டும் என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு இது ரவுண்டிங் பிழை இல்லை.

பணமும் அப்படித்தான். 70,000 ரூபாய்க்குப் பாசி விற்றதை 16 பிட்டில் போட்டால் 65,504 என்ற உச்சத்தைத் தாண்டி, நம்பையில் அது முடிவிலி ஆகிவிடும். வியாபாரி சந்தோஷப்படலாம், கணக்குப்பிள்ளை ஒத்துக்கொள்ள மாட்டார். ஹாஃப்வெக்கில் முடிவிலியை வைக்கவே அனுமதி இல்லை.

இன்னொரு நுட்பமான பொறியும் உண்டு. "ஒரே மாதிரியும் இருக்க வேண்டும், பக்கத்திலும் இருக்க வேண்டும்" என்று தேடுவதற்காக, 768 எண்களின் வாலில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒட்டி 770 ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதை 32 பிட்டில் செய்தாலே சரியாக வராது. தீர்க்கரேகையின் வர்க்கம் மட்டும் 6,000ஐத் தாண்டும்; மீதி 768 எண்களின் வர்க்கங்கள் அத்தனையும் சேர்ந்தே 1தான். கோசைன் ஒப்புமையில் (முன்னால் சொன்ன திசைச் சாய்வை அளக்கும் முறையில்) படத்தின் சாயலே காணாமல் போய், ராமநாதபுரத்தில் எடுத்த எல்லாப் படங்களும் ஒரே மாதிரி என்று பதில் வரும். 16 பிட்டில் செய்தால் அந்த இடமும் தப்பாக இருக்கும். இடத்தைத் தனி நெடுவரிசையில், அதற்கென்றே உள்ள வகையில் வைத்து, தேடும்போது வடிகட்டிக்கொள்வதுதான் ஒழுங்கான வழி.

மிச்சம் எங்கே தெரியும்

டிஸ்க் மலிவாகிவிட்ட காலத்தில் ஒன்றரை ஜிபி மிச்சம் என்பது பெரிய செய்தி இல்லை என்று தோன்றலாம். டிஸ்க் மட்டும்தான் கணக்கு என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். விஷயம் ரேமில் இருக்கிறது.

பிஜிவெக்டரில் வேகமான தேடலுக்குப் பெரும்பாலோர் போடுவது எச்என்எஸ்டபிள்யூ இண்டெக்ஸ். ஒவ்வொரு வெக்டரையும் அதற்கு நெருக்கமான சிலவற்றோடு இணைத்து ஒரு வலைப்பின்னலாக வைத்திருக்கும். தேடும்போது ஒரு முனையில் ஆரம்பித்து, இன்னும் நெருக்கமானது எது என்று தாவித் தாவிப் போகும். ஒவ்வொரு தாவலும் இண்டெக்ஸில் எங்கோ ஒரு பக்கத்தைத் திறப்பதாகும். பக்கங்கள் ரேமில் இருந்தால் கண்ணிமைக்கும் நேரம். டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் தேடல் திணறும்.

போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கம் 8 கேபி. 3080 பைட் வெக்டர் என்றால், இணைப்புத் தகவலையும் சேர்த்துப் பக்கத்துக்கு இரண்டுதான் உட்காரும், மூன்றாவதற்கு இடமிருக்காது. 1544 பைட் என்றால் நான்கு உட்காரும். 10 லட்சம் படங்களுக்கு இண்டெக்ஸ் சுமார் 4 ஜிபியிலிருந்து 2 ஜிபிக்கு இறங்குகிறது. 4 ஜிபி ரேம் உள்ள வாடகை சர்வரில் முதலாவது அடங்காது, இரண்டாவது அடங்கும். சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு மாத வாடகையில் அடுத்த படிக்கு ஏறுவதா வேண்டாமா என்பதை இதுவே முடிவு செய்துவிடும்.

டேபிள் பக்கத்திலும் ஒரு மாற்றம் நடக்கிறது. ஒரு வரி ஏறக்குறைய 2 கேபியைத் தாண்டினால் போஸ்ட்கிரெஸ் அதன் பெரிய மதிப்புகளை டோஸ்ட் என்ற பக்க அறைக்கு அனுப்பிவிடும். 3080 பைட் வெக்டர் அங்கே போய்விடும். 1544 பைட் வெக்டர், மற்ற நெடுவரிசைகள் சின்னதாக இருக்கும்வரை, வரியிலேயே தங்கும். வெக்டரை எடுக்க இன்னொரு இடத்துக்கு ஓட வேண்டாம் என்பது நல்லதுதான். ஆனால் வரிகள் பருத்துப்போவதால், "போன மாதம் ஏர்வாடியிலிருந்து எத்தனை படம் வந்தது" என்று வெக்டரே தேவைப்படாத கேள்வியைக் கேட்டு டேபிள் முழுவதையும் படிக்கும்போது, முன்பைவிட அதிகப் பக்கங்களைத் திறக்க வேண்டியிருக்கும். இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. அந்த மாதிரிக் கேள்விகள் அதிகம் என்றால் தேதிக்கும் ஊருக்கும் தனியாக இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள்.

768க்குப் பதில் பெரிய மாடல் ஒன்று 3072 எண்கள் தருகிறது என்றால் ஹாஃப்வெக் வசதி என்பதைத் தாண்டி அவசியமாகவே ஆகிவிடுகிறது. பிஜிவெக்டரில் சாதாரண வெக்டருக்கு 2,000 எண்கள் வரைதான் எச்என்எஸ்டபிள்யூ இண்டெக்ஸ் போட முடியும். ஹாஃப்வெக்குக்கு 4,000 வரை. இரண்டையும் பைட்டாக்கிப் பார்த்தால் 8,000 வரும். அந்த 8 கேபி பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் காரணம்.

செய்ய இரண்டு வழி

முதல் வழி, நெடுவரிசையையே ஹாஃப்வெக் வகையில் வைப்பது. டேபிளும் இண்டெக்ஸும் இரண்டுமே பாதியாகும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வழி, நெடுவரிசையை 32 பிட்டிலேயே விட்டுவிட்டு, இண்டெக்ஸ் போடும்போது மட்டும் ஹாஃப்வெக்காக மாற்றச் சொல்வது. டேபிள் அப்படியே இருக்கும், இண்டெக்ஸ் மட்டும் பாதியாகும். ரேமில் இருக்க வேண்டியது இண்டெக்ஸ்தான் என்பதால் முக்கியமான மிச்சம் இதிலேயே வந்துவிடுகிறது. வேண்டுமானால் இண்டெக்ஸ் தரும் முதல் 50 படங்களை எடுத்து, 32 பிட் எண்களால் மறுபடி வரிசைப்படுத்தி முதல் 10ஐக் காட்டலாம். இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: தேடும் கட்டளையில் வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை பகுதியிலும் அதே ஹாஃப்வெக் மாற்றத்தை எழுத வேண்டும். எழுதாவிட்டால் பதில் சரியாகவே வரும், ஆனால் இண்டெக்ஸைத் தொடாமல் டேபிள் முழுவதையும் படித்துவிட்டு வரும். தேடல் எந்த வழியில் நடக்கிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த வழியானாலும் உங்கள் படங்களை வைத்து ஒரு சோதனை செய்துவிடுங்கள். நூறு, இருநூறு படங்களைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இண்டெக்ஸ் இல்லாமல், 32 பிட்டில், முழு டேபிளையும் படித்து முதல் 10 படங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இண்டெக்ஸ் இல்லாமலேயே ஹாஃப்வெக்கில் அதையே செய்யுங்கள். இரண்டு பட்டியலிலும் பொதுவாக எத்தனை படங்கள் என்று எண்ணினால் பாதியாக்கியதால் ஆன இழப்பு தனியாகத் தெரியும். அப்புறம் இண்டெக்ஸோடு ஒரு முறை. எச்என்எஸ்டபிள்யூ தோராயமாகத் தேடுகிற முறை என்பதால் அதுவே சில படங்களைத் தவறவிடும். பெரும்பாலும் அந்த இழப்புதான் பெரிதாக இருக்கும், பாதியாக்கிய இழப்பு அதன் நிழலில் கண்ணுக்கே தெரியாது. இழப்பு அதிகம் என்று தோன்றினால் 32 பிட்டுக்குத் திரும்பும் முன், இண்டெக்ஸ் எவ்வளவு தூரம் தேட வேண்டும் என்ற அமைப்பைக் கூட்டிப் பாருங்கள்.

எம்பெடிங் சீராக்கப்பட்டதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். சில மாடல்கள் சீராக்காமல் பெரிய எண்களாகத் தரும். நீளத்தை 1 ஆக்கிவிட்டு வைத்தால் கோசைன் ஒப்புமையில் எந்த மாற்றமும் வராது, 65,504ஐப் பற்றிய கவலையும் போய்விடும்.

பிஃபுளோட்16 என்று இன்னொரு 16 பிட் அமைப்பைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் அடுக்குக்கு 8 பிட், பின்னத்துக்கு 7 பிட்தான். உச்சம் மிகப் பெரிது, ஆனால் 1024 படிக்குப் பதில் 128 படி. எண்கள் எக்கச்சக்கமாக ஏறி இறங்கும் மாடல் பயிற்சிக்கு அது பொருத்தம். 0.036ஐச் சுற்றியே உட்கார்ந்திருக்கும் நம் எண்களுக்கு அவ்வளவு பெரிய வீச்சு எதற்கு? இன்னும் இறுக்க வேண்டுமானால் எண்ணுக்கு 1 பிட் மட்டும், அதாவது நேர்மமா எதிர்மமா என்பதை மட்டும் வைத்து 32இல் ஒரு பங்காகச் சுருக்கும் முறையும் பிஜிவெக்டரில் உண்டு. அதில் இழப்பு கண்ணுக்குத் தெரியும். முழு எண்களைக் கொண்டு மறுவரிசை செய்யாமல் அதை நம்ப முடியாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் நெடுவரிசையின் வகையை மாற்றுகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வகையை மாற்றினால் போஸ்ட்கிரெஸ் டேபிள் முழுவதையும் புதிதாக எழுதும். எழுதி முடியும்வரை டேபிள் பூட்டப்பட்டிருக்கும். பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்கும் அளவுக்கு டிஸ்க்கில் இடமும் வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் பாதியில் இடமில்லாமல் நிற்கக்கூடாது. இரண்டாவது, வெட்டிய பிட்கள் திரும்பி வராது. ஹாஃப்வெக்கை மறுபடி 32 பிட்டாக மாற்றினால் 4 பைட் இடம் பிடிக்குமே தவிர, உள்ளே இருப்பது அதே தோராய எண்தான். பழைய எண்கள் வேண்டுமென்றால் எல்லாப் படங்களையும் மாடலில் மறுபடி ஓட்டியாக வேண்டும். அதற்கு அசல் படங்கள் இருக்க வேண்டும். போன் மெமரி நிரம்பிவிட்டது என்று அழித்துவிடாமல் அவற்றை முதலில் பத்திரப்படுத்துங்கள்.